கோட்டுக்குள் இருந்த பாட்டு

இப்போதெல்லாம் எவனும் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை; கையில் என்ன வைத்திருக்கிறான் என்றுதான் பார்க்கிறான். அதிலும் இந்த மேடைக்காரர்கள், ஒருத்தன் தும்மினால்கூட அடுத்த ஊரில் அதைத் தன் தும்மல் என்று காட்டிக் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். ஹைராம் ஸ்ப்ரவுலுக்கு இதில் சந்தேகமே கிடையாது.

அதனால்தான் திங்கட்கிழமை காலை ஆறரைக்கே ஸ்க்ராண்டன் நகரத்து நாடகக் கொட்டகைக்கு வந்தும், இசைத்தாள்களைக் கோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வார நிகழ்ச்சிக்கான ஒத்திகைக்கு வருகிறவர்கள் தாள்களை மேடை விளிம்பில் வரிசையாக வைக்க வேண்டும். ஒரே பாட்டு இரண்டு பேரிடம் இருந்தால், முதலில் வைத்தவருக்குத்தான் அந்த வாரம் அது சொந்தம். வைத்தால் எவனாவது பார்த்து எழுதிக்கொள்வான் என்று ஹைராம் வைக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் தன்னோடு உழைத்த கோவேறு கழுதையைப் பற்றி அவரே கட்டிய பாட்டு. இருபது வருடமாக அவருக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்குப் பாடகி லியோனா ஃபிட்ச் வந்து தன் தாள்களை விளிம்பில் வைத்தாள். அட்டையில் அவள் படம். பக்கத்தில் ஒரு கோவேறு கழுதை.

ஹைராம் எழுந்தார். "இது என் பாட்டு."

"கடையில அச்சுப் போட்டு விக்கிறாங்க தாத்தா. கழுதை பக்கத்துல நான்தானே நிக்கிறேன்."

"அச்சுப் போட்டவன் திருடன். எங்கயோ பால்கனில உக்காந்து எழுதிட்டுப் போயிருக்கான்."

வாத்தியக் குழுத் தலைவர் ஓட்டோ, மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க தாள் எங்க?"

ஹைராம் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"கோட்டுக்குள்ள இருக்கிறது கணக்குல வராது. இதையே சொல்லி நீங்க எத்தனை பேரை விரட்டியிருக்கீங்க."

உண்மைதான். அதனாலேயே அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

லியோனா அவர் முகத்தைப் பார்த்தாள். குனிந்து தன் தாள்களை எடுத்துக்கொண்டாள். "விடுங்க, நீங்களே பாடுங்க தாத்தா. என்கிட்ட வேற பாட்டு இருக்கு. நான் ஓரமா நின்னு கேட்டுக்கிறேன்."

"கேட்டுக்கிறியா? பாட்டு போயிருச்சு. இனி எந்த வரில எவ்வளவு நேரம் நிறுத்தினா ஜனம் சிரிக்குதுன்னு தெரியணும், அதானே?"

"மரியாதைக்குச் சொன்னேன்."

"உன் மரியாதைதான் அட்டையிலயே இருக்கே."

"பொண்ணு விட்டுக்கொடுக்குது அண்ணே," என்றார் ஓட்டோ. "தாளைக் கீழ வைங்க. அவ்வளவுதான் வேலை."

ஹைராம் கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை ஒத்திகையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவனை இந்த வட்டாரத்தில் வேறு கொட்டகை கூப்பிடாது என்று அவருக்குத் தெரியும்.

"நிஜமாத்தான் சொன்னேன்," என்றாள் லியோனா.

"எல்லாரும் நிஜமாத்தான் சொல்றாங்க," என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தார்.