இருபதாவது வரியில் ஒரு பெண்

கம்ப்யூட்டர் ஆணை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பெண்ணைத்தான் உள்ளே விடமாட்டேன் என்று அடம் பிடித்தது. பத்தாவது வரியில் AAN=1 என்று அடித்திருந்தேன்; இருபதாவது வரியில் PEN=1. RUN கொடுத்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் பீப் என்ற சத்தத்தோடு 'Syntax error in 20' என்று காட்டிவிட்டு, நான் எழுதிய வரியையே எடுத்து என் முகத்துக்கு நேராக வைத்தது. எண்பத்தொன்பதாம் வருடம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் காலை அப்பா வருகிறார்.

அப்பாவின் பெயர் எலியேசர். சைதாப்பேட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை டைப்பிஸ்ட். டைப்ரைட்டர் சோறு போடும் என்பது அவருடைய விசுவாசம்; அதற்கு மேல் பைபிள்தான். பி.எஸ்ஸி முடித்த கையோடு நான் கம்ப்யூட்டர் என்று நின்றபோது வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நேரா வர்றேன் ஹில்டா. கத்துக்கிட்டத என் கண்ணுக்குக் காட்டு. ஒண்ணும் இல்லைன்னா திங்கக்கிழமையே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது." பேச்சு கிடையாது என்றால் அப்பாவிடம் நிஜமாகவே கிடையாது.

எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். என் பக்கத்தில் அஸ்தினாபுரம் சாமுண்டீஸ்வரி. அவள் அண்ணன் ஜெயவேலு சேர்ந்த வேகத்தில் நின்றுவிட, கட்டிய ஃபீஸ் வீணாகக் கூடாது என்று வீட்டில் அவளை அனுப்பியிருந்தார்கள். அண்ணனுக்கு வராதது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. எனக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமை. ஆனால் அவள் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட உட்கார முடியாது.

முனிரத்தினம் சார்தான் சொல்லிக்கொடுத்தார். வேரியபிள் என்றால் ஒரு டப்பா, டப்பாவுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் ஒட்டலாம், உள்ளே இருப்பதுதான் கணக்கு என்று அவர் சொன்னதும் எனக்கு அப்படியே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்றைக்கும் துவரம்பருப்புதான் இருக்கும். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போடுவதும் பிடித்திருந்தது. மறந்துபோனது எதுவானாலும் பின்னால் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும்விட IF - THEN. இப்படி ஆனால் அப்படிச் செய். நான் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்க உலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் விளையாட்டு ஒன்று எழுதத் தொடங்கினோம். தாம்பரம் பிளாட்பாரத்தில் எலக்ட்ரிக் டிரெயின் கிளம்பப் போகிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதைப் பிடிக்க ஓடுகிறார்கள். ஆணை மெஷின் ஓட்டும். பெண்ணை நாம் ஓட்ட வேண்டும். F தட்டினால் இடது கால், J தட்டினால் வலது கால். மாற்றி மாற்றித் தட்டினால் PEN டப்பாவில் ஒவ்வொன்றாகக் கூடும், அவள் ஒவ்வொரு கட்டமாக முன்னால் போவாள். திரைக்குக் குறுக்கே மொத்தம் எண்பது கட்டம். டிரெயின் வலது ஓரத்தில் நிற்கும். கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் அவள் இருபதாவது வரியையே தாண்டவில்லை.

"சார், ஆணை எடுத்துக்குது, பெண்ணை எடுக்க மாட்டேங்குது" என்றேன்.

"ஸ்பெல்லிங்க பாருங்கம்மா."

மூன்று எழுத்தில் என்ன ஸ்பெல்லிங்? அழித்து அடித்தேன். மெஷினை அணைத்துப் போட்டேன். பெண்ணை முதலில் எழுதி ஆணை இரண்டாவதாக வைத்துப் பார்த்தேன். அப்போதும் பெண் இருக்கும் வரியில்தான் நின்றது. எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. திங்கட்கிழமை இன்ஸ்டிடியூட்டில் கறுப்பு ரிப்பனும் கையுமாக உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

சாமுண்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை முறைத்தாள். "இன்னாடி இது, எங்க வூட்லதான் இப்டீன்னா இங்கயுமா?"

"சிரிக்காதடி. நாளைக்கு அப்பா வர்றாரு."

"சிரிக்கல. நீ இன்னாத்துக்கு புஸ்தகத்துல கீற மாரி பெண்ணுன்னு போட்டுகினு கீற? எந்த வூட்ல அப்டிக் கூப்டறாங்க? பொண்ணுன்னு போடு."

போட்டேன். PONNU=1. எங்கெங்கே PEN இருந்ததோ அங்கெல்லாம் PONNU. சாமுண்டி ரன் கொடுத்தாள். பீப் வரவில்லை. திரையின் இடது ஓரத்தில் இரண்டு எழுத்துகள் முளைத்தன. ஒன்று A, இன்னொன்று P. நான் F தட்டினேன், J தட்டினேன். P நகர்ந்தது! என் விரல் அசைய, அங்கே ஒருத்தி ஓடினாள். இரண்டு பேரும் கத்திய கத்தலில் கீழே மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முனிரத்தினம் சார் தடியான மேனுவலைப் புரட்டிக்கொண்டு வந்தார். "நம்ம பெண் இல்லம்மா, பேனா. ஸ்க்ரீன்ல தொட்டு எழுதற பேனாவுக்குன்னு PEN-ங்கற பேர மெஷினே எடுத்து வெச்சிருக்கு. அதான் டப்பாவுக்கு ஒட்ட வுடல." எங்களுக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. மாறி மாறி விளையாடிக்கொண்டிருந்தோம். எத்தனை வேகமாகத் தட்டினாலும் ஆண்தான் ஜெயித்தான். அவன் வேகத்தைக் குறைக்க சாமுண்டிக்கு மனசில்லை. "ரோசமா ஓடி ஜெயிக்கட்டும்" என்றாள். ஆண் ஜெயித்தால் என்ன காட்டுவது என்று நூற்று இருபதாவது வரியில் எழுதியிருந்தோம்.

ஞாயிறு அப்பா பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னதிலேயே முகம் சுண்டிவிட்டது. நாற்காலியில் உட்கார வைத்து விளையாட்டைச் சொன்னேன். "டிரெயின் புடிக்கறதா? அத நான் தெனம் பண்றேன்" என்றார். ஆனால் கீபோர்டைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. எட்டு விரல்களையும் நடுவரிசையில் வைத்தார். இரண்டு சாவிக்கு எட்டு விரல்!

சாமுண்டி ரன் கொடுத்தாள். அப்பாவின் ஆள்காட்டி விரல்கள் இரண்டும் மழை பிடித்த மாதிரி இறங்கின. அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை, ஒரே தாளம். P பறந்தாள். பாதித் திரையில் ஆணைத் தொட்டாள், தாண்டினாள். "ஓடு, ஓடு" என்று சாமுண்டி மேஜையைக் குத்தினாள். டிரெயினைத் தொட்டாள். அப்பா நிறுத்தவில்லை. பெண் டிரெயினையும் தாண்டிப் போய்... பீப்.

Illegal function call.

அப்பா சூடு பட்டது மாதிரி கையை எடுத்தார். "என்னம்மா இது, இல்லீகல்னு போடுது? நான் கவர்மென்ட் சர்வன்ட்."

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. "ஒண்ணும் இல்லப்பா. கடைசிக் கட்டத்தையும் தாண்டிட்டா. இதுவரைக்கும் அங்க யாரும் அவளக் கொண்டுபோனதில்ல."

"ஜெயிச்சுட்டாளே. ஜெயிச்சா என்னன்னு எழுதலியா?"

நானும் சாமுண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுதவில்லை. ஆணுக்கு எழுதிய வரி இருந்தது. இவளுக்கு இல்லை. தோற்றே பழகியதில் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

"இன்னும் எழுதலப்பா" என்றேன். வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமையைப் பற்றி இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

"எழுது. பாத்துட்டுப் போறேன்."

நூற்று இருபதுக்கும் நூற்று முப்பதுக்கும் நடுவே இடம் இருந்தது. குனிந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். அப்பா ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். 125 IF PONNU>79 THEN. அதற்கு மேல் என்ன என்று தெரியாமல் விரல் அந்தரத்தில் நின்றது. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். THEN-க்குப் பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.