தீயணைச்ச மேடு

என் வீட்டுக்காரர் அழகுமலைக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கனவு வரும். மேற்கே மலைப்பக்கமிருந்து ஒரு தீ வரும். பிடிக்க ஆள் இருக்காது. தானாகவே பருத்திக்காட்டு வழியாக ஓடிவந்து, எங்கள் தெரு முனையில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி பார்க்கும். அவ்வளவுதான் கனவு. கல்யாணமான புதிதில் இதைச் சொன்னார். "மொச்சக்கொட்டைய அம்புட்டு தின்னுட்டுப் படுத்தா வேற என்ன வரும்" என்றேன்.

அந்த மனுஷன்தான் எழுபத்தொன்பதில் விளையாட்டுத் துறை மந்திரி ஆனார். தனித்தொகுதியில் ஜெயித்தவருக்கு இதுவே அதிகம் என்று கட்சிக்குள் பேசினார்கள். விளையாட்டுத் துறைதானே, விளையாடிவிட்டுப் போகட்டும் என்றும் பேசினார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன், இன்னும் வைத்திருக்கிறேன்.

தென்மாநிலங்களின் விளையாட்டு விழாவை மதுரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சவுக்குக் கம்பு நட்டுக் கேலரி எழும்பியது. நாங்கள் குடியிருந்த கே.கே. நகர் வாடகை வீட்டு வாசலில் எந்நேரமும் செருப்புக் குவியல்தான். மலையடிவாரத்தில் ஜோதி ஏற்றி, ஊர் ஊராக ஓடிவந்து மைதானத்தில் சேர்க்க வேண்டும் என்ற யோசனையும் அவருடையதே. கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. சொந்தக் கனவை அரசாங்கச் செலவில் கூட்டிவரப் பார்க்கிறார் மனுஷன்.

ஜோதி வரும் வழியில்தான் எங்கள் ஊர் மஞ்சநத்தம்.

ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவிழாவில் சாமிக்கு முன்னால் தீவட்டி பிடிப்பது எங்கள் தெரு ஆண்களின் வேலை. என் மாமனார் கருப்பு ஆயுசு முழுக்கப் பிடித்தவர். புகை ஏறி ஏறிக் கண் இரண்டும் போய்விட்டது. சாமி மேலத்தெரு, நடுத்தெரு எல்லாம் சுற்றும். எங்கள் தெருவுக்குள் வராது. சாமி கோயிலுக்குத் திரும்பியதும் தீவட்டிக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். அந்தத் தீயும் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது. முனையிலேயே மண்ணில் குத்தி அணைத்துவிட்டு, இருட்டில் தட்டுத் தடுமாறி வீடு சேர வேண்டும். தலைமுறை தலைமுறையாக அணைத்ததில் அந்த இடமே கரிந்து கிடக்கும். அதற்குப் பெயர் தீயணைச்ச மேடு.

விழாவுக்குச் சில நாள் முன்பு, மேலத்தெருப் பெரிய தலைக்கட்டு மொக்கையன் கே.கே. நகர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சு.

"வாங்கய்..." என்று ஆரம்பித்து "வாங்கண்ணே" என்று முடித்தார் இவர். மந்திரியானாலும் நாக்குக்குப் பழைய ஞாபகம்.

"ஜோதி நம்ம ஊருக்குள்ள வருதுன்னு எம்புட்டு சந்தோசம் தெரியுமா" என்றார் மொக்கையன். "சாமி போற பாதையிலயே போகட்டும் அழகுமல. புதுசா எதுவும் பண்ணிராத. ஊரு ரெண்டுபடும். அப்புறம் உன் பதவிக்குத்தான் கஷ்டம்."

மிரட்டல்தான். வெள்ளரிப்பிஞ்சோடு வந்ததால் விசாரிப்பு மாதிரி இருந்தது.

"சரிண்ணே" என்றார் இவர்.

மொக்கையன் படியிறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "என்ன சரி? எதுக்குச் சரி?"

"செல்லக்கிளி, டெல்லியிலருந்து விருந்தாளி வாராரு. ராத்திரி எட்டு மணிக்குள்ள ஜோதி மைதானத்துக்கு வந்து சேரணும், இல்லன்னா உனக்குப் பதவி இல்லன்னு தலைவரு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. எந்தத் தெருவுக்கும் திரும்ப முடியாது. பதவி இருந்தாத்தான் நாளைக்கு நம்ம சனத்துக்கு எதாச்சும் செய்யலாம்."

"நாளைக்கு. உங்கப்பாவுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. உசுரு மட்டும் நாளைக்கு வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமாக்கும்."

அவர் வெள்ளரிப்பிஞ்சு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டேன்.

விழா அன்று மேடைக்கு எதிரே முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜோதிக்கு முன்னால் ஜீப்பில் வருவதற்காக அவர் மலையடிவாரம் கிளம்பியதும், நான் பஸ் ஏறி மஞ்சநத்தம் போனேன். தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டோம்.

"வராத தீக்கு எதுக்கு ஆத்தா கோலம்?" என்றாள் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள்.

"வராட்டி கோழி கொத்திட்டுப் போகட்டும்" என்றேன்.

அந்த அந்திப்பொழுது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. காற்றே இல்லை. நாகமலை ஒரு பக்கமாக நீலம் பாரித்துப் படுத்திருந்தது. மேற்கே எழும்பிய புழுதி கீழே இறங்க மனமில்லாமல் மஞ்சளாக நின்றது. அதற்குள் ஒரு சிவப்புப் பொட்டு. ஓடிவருகிறவன் தெரியவில்லை. ஜீப் தெரியவில்லை. தீ மட்டும் பருத்திக்காட்டின் மேல் மிதந்து வந்தது. அவர் கனவுக்குள் நான் தெரியாமல் நுழைந்துவிட்டேனோ என்று இருந்தது.

மேலத்தெருவில் குலவைச் சத்தம் கேட்டது. பிறகு நடுத்தெருவில். பிறகு ஜீப் தீயணைச்ச மேட்டுக்கு வந்து, மதுரை ரோட்டைப் பார்க்கத் திரும்பியது. பின்னால் மேலத்தெருவின் காலேஜ் ஓட்டக்காரன் சுருளி, கையில் ஜோதி. அவனுக்குப் பின்னால் மொக்கையனும் மேலத்தெருக்காரர்களும். ஜீப்பில் இருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஜீப் நின்றது. இறங்கி வந்து, "தம்பி, அதை இப்படிக் குடு" என்றார்.

சுருளி மொக்கையனைப் பார்த்தான்.

"அழகுமல, நேரமாச்சு" என்றார் மொக்கையன்.

"ஆமாண்ணே. ரொம்ப நேரமாச்சு." இந்தத் தடவை நாக்கு தடுக்கவில்லை.

சுருளி கொடுத்துவிட்டான்.

அதன் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். ஜோதி மைதானம் சேர்ந்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. டெல்லிக்காரர் கிளம்பிப் போயிருந்தார். தலைவர் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. விழா முடிந்த கையோடு பதவி போயிற்று, அடுத்த தேர்தலில் சீட்டும் இல்லை. கட்சிக்காரர்கள் 'தீவட்டி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சுருளி பிடித்தால் ஜோதி, இவர் பிடித்தால் தீவட்டி, என்ன நியாயமோ. பழங்காநத்தத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்கு மாறினோம். வருத்தப்பட்டாரா என்றால், பட்டார். கொடி கட்டிய கார் ரோட்டில் போனால் திரும்பிப் பார்ப்பார். ஆனால் அந்தக் கனவு மட்டும் மறுபடி வரவே இல்லை என்றார்.

தெருவுக்கு வருகிறேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தி குலுங்க, தீயணைச்ச மேட்டைத் தாண்டித் தீயோடு ஓடிவந்தார் என் வீட்டுக்காரர். பெண்கள் குலவை போட மறந்துபோனார்கள். மண்சுவர்களில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது. பார்த்துப் பார்த்துச் சலித்த முகங்கள் எல்லாம் அன்றைக்குப் புதிதாக இருந்தன. நாங்களும் பின்னாலேயே ஓடினோம். எனக்குத் தரையில் கால் பாவின மாதிரியே இல்லை.

கடைசி வீட்டு வாசலில் என் மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சூடு முகத்தில் பட்டதும் பதறி எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒண்டி நின்று கைகூப்பினார்.

"ஒதுங்குங்கப்பா, பாதைய மறிக்காதீக" என்றார். பிறகு, "தீ பிடிக்கிறது யாரு?" என்றார்.

"நாந்தேன்ப்பா. அழகுமல."

"தெருவுக்குள்ளயா கொண்டாந்துட்ட?" கூப்பிய கையை எடுக்காமலே கேட்டார். "பின்னால சாமி வருதா?"

மூச்சு வாங்க இவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நானும் ஒச்சம்மாளும் தெருச் சனமும் நின்றுகொண்டிருந்தோம்.

"சாமி வரலப்பா" என்றார். "நம்ம ஆளுகதான் வாராக."

மாமனார் கூப்பிய கையை இறக்கினார். பிறகு இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.