கம்பியில் கட்டிய பச்சை ஸ்கார்ஃப்

வியன்னா ஓபராவில் நாங்கள் நின்று பார்க்கிற கூட்டம். நிற்கும் இடத்தில் முன்னாலுள்ள கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டால் அந்த இடம் நமக்கு; யாரும் தொடமாட்டார்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஊன்றுகோலோடு நான் போன முதல் நாள், கூட்டாளிகள் சேர்ந்து எனக்கு நாற்காலி டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள்.

"நான் என்ன படுத்த படுக்கையாவா கெடக்கேன்?" என்று சீறினேன்.

"வாய மூடிட்டு உக்காருடி," என்ற ரோஸ்வித்தா, என் பச்சை ஸ்கார்ஃபைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு போனாள்.

மெத்தை நாற்காலியில் முள்மேல் இருப்பதுபோல் இருந்தேன். என் இடத்தில் இந்நேரம் எவனாவது நிற்பான். விளக்கு அணையும்முன் திரும்பிப் பார்த்தேன். பின்னால் கம்பியோரம் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அங்கே என் ஸ்கார்ஃப் கட்டியிருந்தது.

இடைவேளையில் ரோஸ்வித்தா அடுக்கினாள்: "அடுத்த மாசம் மியூசியம், அப்புறம் நாடகம், ஏப்ரல்ல கச்சேரி. எல்லாத்துலயும் உனக்கு உக்கார எடம் பாத்துட்டேன்."

"இங்க?"

"இங்கதான் உனக்கு எடம் இருக்கே."

இரண்டாம் பாதி முழுக்கக் கம்பியோரம், அவள் தோளில் சாய்ந்து நின்றே கேட்டேன். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. முன்னால், நாற்காலியில், என் ஊன்றுகோல் சொகுசாக உட்கார்ந்திருந்தது.