மைக்கும் என் வாயும்

என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? "ஏலே சொரிமுத்து, நீ என்ன கோல் அடிக்கவா போன? மைக்கு பிடிக்கத்தான போன?" என்பார்கள். மைக் பிடிக்கத்தான் போனேன். வினையே அங்கேதான் இருக்கிறது.

காயல்பட்டினத்துக் கோடைக் கால்பந்துப் போட்டிக்குப் பதினைந்து வருடமாக நான்தான் வர்ணனை. ஊர் ஆத்தூர், பிழைப்பு சாகுபுரத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஆட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். பந்து கோட்டைத் தாண்டிப் போனால், அதை எடுத்து வருவதற்குள் தோடி ராகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிடுவேன். கார்னர் எடுக்கத் தாமதமானால் தேர்தலுக்கு ஒரு குத்து. இடைவேளையில் யாராவது ஓர் அபூர்வ மனிதரின் வாழ்க்கை. இதைக் கேட்கவென்றே வருகிறவர்கள் உண்டு. அந்தக் கொழுப்பும் எனக்கு உண்டு.

அந்த மைதானத்துக்கு ஒரு சட்டம்: சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்டம் தொடங்கும், பொழுது சாய்ந்ததும் ஒலிக்கிற மஃரிப் பாங்குக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். எவன் வந்தாலும் வராவிட்டாலும் பாங்கு நிற்காது.

இந்த வருட இறுதி ஆட்டம் நாலரை மணிக்கு. மேலத்தெரு அணி பதினோரு வருடம் கழித்து இறுதிக்கு வந்திருந்தது. கொண்டுவந்து சேர்த்தவன் முஆத். முப்பத்தெட்டு வயது, சவூதியில் தம்மாமில் வேலை, நாற்பது நாள் லீவு. அரையிறுதியில் அவன் அடித்த கோலை நான் ஐந்து நிமிடம் வர்ணித்தேன். லீவை ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிவிட்டான். இனி நீட்டினால் வேலை போய்விடும். இரவு ஒரு மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். ஆறு மணிக்குக் கார் கிளம்பியாக வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. அப்போது முழங்கால் இருக்காது. வாழ்க்கையில் அவனுக்கு இது ஒன்றுதான் இறுதி ஆட்டம். மைதானத்தை ஒட்டிய மாடியில் அவனுடைய உம்மா மூன்று மணியிலிருந்தே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு அணியும் வரிசையில் நின்றார்கள். வீரர்களுக்குக் கை கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர், ஒரு முன்னாள் மந்திரி, வரவில்லை. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அவர் எல்லாக் கட்சியிலும் இருந்து பார்த்தவர். போட்டிக் குழுச் செயலாளர் மூஸா நெய்னா காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) என் மேசைக்கு வந்தார்.

"சொரிமுத்து, ஒரு பத்து நிமிஷம் ஓட்டுங்க. கார் முக்காணி வந்துட்டாம்."

ஓட்டினேன். "கிரிக்கெட்டில் மழை வந்தால் ஆட்டம் நிற்கும், நம் ஊரில் கார் வராவிட்டால் நிற்கும்" என்றேன். சிரிப்பு. "ஆலாபனையே பாடிப் பாடிக் கீர்த்தனைக்கு வராத வித்வானுக்குப் பெயர் என்ன? வேட்பாளர்" என்றேன். கைதட்டல். அதற்குள் ஐந்து மணி.

காக்கா மறுபடி வந்து காதைக் கடித்தார். "முக்காணியில கல்யாண வீடாம். சாப்பிட்டுட்டு இருக்காராம். இன்னும் கொஞ்சம் பேசுங்க. உங்க வாய்க்குக் கூட்டம் கட்டுப்படும்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தேனாக இனித்தது. எங்கள் ஊர்த் தவில்காரர் ஆத்தியப்பன் கதையை எடுத்தேன். கோயில் கச்சேரிக்கு மந்திரி வரும்வரை வாசிக்காதே என்றார்களாம். "சாமி வந்து உக்காந்தாச்சு, இனி யாருக்குவே காத்திருக்கணும்?" என்று கேட்டுவிட்டு அடித்தாராம் தவிலை. மைதானமே எழுந்து கைதட்டியது. மந்திரிக்காகக் காத்திருக்காத மனிதனின் பெருமையை, ஒரு முன்னாள் மந்திரிக்காகக் காத்திருந்து பேசிக்கொண்டிருந்தேன். அது எனக்கு உறைத்ததா? உறைத்தது. உறைத்தும் பேசினேன்.

ஐந்து இருபதுக்கு முஆத் மேசைக்கு வந்தான். வெயிலில் நின்றே பனியன் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, ஒரு உதவி. மைக்க ஆஃப் பண்ணிருங்க."

"ஏன் தம்பி?"

"நீங்க பேசுததாலதான் எல்லாரும் சும்மா இருக்காங்க. நீங்க நிறுத்துனா அஞ்சு நிமிஷத்துல கூச்சல் போட்டுருவாங்க. கூச்சல் போட்டா காக்கா பயந்து விசில் அடிக்கச் சொல்லிருவாரு. இருபது நிமிஷம் விளையாடினாலும் போதும் அண்ணாச்சி."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சுவிட்ச் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது.

"குழு சொல்லாம நான் எப்படி தம்பி..." என்று இழுத்தேன். பொய். அடுத்த வருடம் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் பாதி. மீதிப் பாதி அதைவிடக் கேவலம்: அடுத்து எடுத்த கதை பாதியில் நின்றது, ஆயிரம் பேர் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். எனக்கு முடித்துவிட ஆசை.

அவன் என்னைத் திட்டவில்லை. "சரி அண்ணாச்சி" என்று வரிசைக்குப் போய் நின்றான். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

ஐந்து ஐம்பதுக்கு ஆறு கார்கள் வரிசையாக வந்து நின்றன. விருந்தினர் வாயில் வெற்றிலையோடு இறங்கி வீரர்களுக்குக் கை கொடுத்தார். முஆத்துக்கும் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். பிறகு மேடையேறி, சின்ன வயதில் தானும் கால்பந்து ஆடியதாக ஆரம்பித்தார். ஏப்பம் மைக்கில் கேட்டது. முன்வரிசை அதற்கும் கைதட்டியது.

மணி ஆறானதும் முஆத் மைதானத்தை விட்டு வெளியேறினான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்ற காரில் ஏறினான். மாடியில் அவன் உம்மா எழுந்து நின்றதைப் பார்த்தேன். பந்தை ஒரு தடவைகூட அவன் தொடவில்லை.

மேடையில் விருந்தினர் காக்காவிடம் என்னவோ கேட்டார். காக்கா என்னைக் காட்டினார்.

"ஒன்றரை மணி நேரம் இந்தக் கூட்டத்தைக் கலையாம காப்பாத்தின அண்ணாச்சி மேடைக்கு வரணும்!" என்று விருந்தினர் மைக்கில் கூப்பிட்டார்.

போனேன். பட்டுச் சால்வையைப் போர்த்தினார். மேலே சென்ட் வாசனை, அடியில் பிரியாணி வாசனை. "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினார். முஆத்தின் கார் அப்போதுதான் மைதானச் சுவரை ஒட்டித் திரும்பிக்கொண்டிருந்தது, கண்ணாடி இறங்கியிருந்தது. எங்கள் ஒலிபெருக்கி பஜார் வரைக்கும் கேட்கும்.

நன்றி சொன்னேன். நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாக, மூன்று நிமிடம்.