லென்ஸ் வைத்துப் பார்த்து வாங்கிய புத்தகம்

என் மகளுக்கும் அவள் கணவருக்கும் நடுவில் பதினான்கு வருடமாக ஒரு ஃபிலிம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சட்டைகளுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்யும் பட்டறை வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்து, கலர் கலராகப் பிரித்து, ஒவ்வொரு கலரையும் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒரு ஃபிலிமில் கறுப்பாக எடுத்துக் கொடுப்பது வரை அவர் வேலை. அந்த ஃபிலிமை வாங்கி, மருந்து தடவிய, ஸ்க்ரீன் என்னும் வலைத்துணிச் சட்டத்தின் மேல் வைத்து, விளக்கு காட்டி, கழுவி, மை இழுத்துச் சட்டையில் இறக்குவது அவள் வேலை. அவர் விரலில் ஒரு நாளும் மை பட்டதில்லை. அவள் கை ஒரு நாளும் மவுஸைத் தொட்டதில்லை. கல்யாணம் முறிந்தபோது, அளந்து வெட்டியது மாதிரி, சரியாக அந்த ஃபிலிமில் முறிந்தது. கம்ப்யூட்டரையும் ஃபிலிம் எடுக்கும் மெஷினையும் தூக்கிக்கொண்டு அவர் இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டார். விளக்குப் பெட்டி, நாற்பது ஸ்க்ரீன், நான் எல்லாரும் இவள் பங்குக்கு வந்தோம்.

என்ன காரணம் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆறு மாதமாக நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் "ஒண்ணும் இல்லப்பா" என்கிறாள். அவர் "ஒண்ணும் இல்ல மாமா" என்கிறார். ஒன்றுமே இல்லாத காரியத்துக்கு ஒரு வேன் நிறையச் சாமான் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

நான் முப்பத்தெட்டு வருடம் கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்திய அரசாங்க ஆள். ஒரு கிராம் கூட்டிச் சொன்னால் வேலை போய்விடும். ஆகவே ஓய்வு பெற்ற நாளிலிருந்து எதையும் கூட்டிச் சொல்லாமல் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆனால் மகளைப் பற்றி இப்போது சொல்லப்போவதில் ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை. அவள் அழவில்லை. திட்டவில்லை. "சாப்டியா?" என்றால் "ம்" என்பாள், தட்டில் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். கால் மரத்துப்போனால் உதறிக்கொள்ளலாம். ஆளே மரத்துப்போனால் எதைப் பிடித்து உதறுவது?

இந்த நிலையில்தான் ஓட்டக்காரர் வந்தார். காலையில் கூட்டமாக ஓடும் சங்கம் ஒன்றின் செயலாளர். அந்த மனிதர் நின்று நான் பார்த்ததே இல்லை. பேசும்போதுகூட ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருப்பார். கறுப்புச் சட்டை இருநூற்றைம்பது. நெஞ்சில் ஆரஞ்சுச் சூரியன், அதற்கு முன்னால் நீல நிறத்தில் ஒருவன் ஓட வேண்டும். மூன்று வாரம்.

"டிசைன் எல்லாம் சார்தானே பாப்பாரு?" என்றார்.

"நான்தான் பாக்கறேன்" என்றாள் மகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திறப்பது என்றே தெரியாதவள் இப்படிச் சொல்கிறாள். அவர் போனதும் கேட்டேன்.

"என்னம்மா, மாப்பிள்ளைகிட்டயே ஃபிலிம் போட்டு வாங்கிக்கலாமே. அவரே சொல்லியிருக்காரே."

"இந்த ஃபிலிமுக்குப் போனா அடுத்ததுக்கும் போகணும்பா. சாகற வரைக்கும் அவர் வாசல்ல போய் நிக்கணும். அதுக்குப் பட்டறையை இழுத்து மூடிடலாம்."

குரலில் கோபம் கிடையாது. கடையில் அரிசி இல்லை என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் ஃபிலிம் எடுக்க ஒரு பிரிண்டரும் வாங்கிப் போட்டோம். படம் வரையும் மென்பொருள் அதிலேயே இருந்தது. திறந்தால் இடது பக்கம் அறுபது குட்டிப் பொம்மைப் படம், வலது பக்கம் எண்பது பெட்டி. மகள் கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. யார் முதலில் பேசுவது என்ற தகராறு மாதிரி இருந்தது.

"கத்துக்க ஏதாவது வாங்கணும்" என்றாள்.

முதலில் போனில் வீடியோ தேடியது நான்தான். ஒருவர் வணக்கம் சொல்லவே பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டார். இன்னொருவர் மவுஸை ஆட்டிய வேகத்தில் எனக்குத் தலை சுற்றி மாத்திரை போட வேண்டியிருந்தது. கடைசியில் கம்ப்யூட்டர் புத்தகங்கள் மட்டும் விற்கும் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் மேஜை மேல் எல்லாவற்றையும் பரப்பினார். தொள்ளாயிரம் பக்கத்துக்கு ஒரு கலர்ப் புத்தகம். ஆறு டிஸ்க் கொண்ட ஒரு பெட்டி. மூன்று மாதப் பயிற்சி வகுப்பின் பாடத் தொகுப்பு. கடைசியாக, கம்பிச் சுருள் போட்டுக் கட்டிய நாற்பது பக்க நோட்டு ஒன்று.

"உங்களுக்கு எதுக்குன்னு சொன்னீங்கன்னா நான் எடுத்துக் குடுப்பேன்" என்றார் கடைக்காரர்.

"நானே பாத்துக்கறேன்" என்றாள் மகள்.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். அச்சுத் தொழில் செய்பவர்கள் கலர்கள் ஒன்றோடொன்று சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வைத்திருக்கும் சின்ன லென்ஸ். அதைத் தடிப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துக் குனிந்தாள். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். கடையில் இருந்த நான்கு பேரும் தங்கள் புத்தகத்தை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்கள்.

"நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காந்திருக்குப்பா. ஒரு முடி விலகல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எடைபோட்டு வாங்கற வம்சம் சார் நாங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

அடுத்துச் சுருள் நோட்டைப் பிரித்தாள். அதில் ஒரு பக்கத்தில் சிவப்புப் பூ. சிவப்பு ஒரு பக்கம், அதன் கோடு ஒரு பக்கமாக, பட்டன் மாற்றிப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. லென்ஸ் வைக்கவே தேவைப்படவில்லை. ஊசிப்போன பதார்த்தத்தைத் தள்ளுவதுபோல் விரல்நுனியால் தள்ளினாள்.

"இதுவே இவங்களுக்குச் சேரல. இவங்க நமக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க?"

தடிப் புத்தகத்தை வாங்கினோம். வீடு வரை நான்தான் சுமந்தேன். எட்டு கிலோ இருக்கும் அது. என் தோள் சாட்சி.

அடுத்த பதின்மூன்று நாள் அவள் அந்தப் புத்தகத்தை விட்டு நகரவில்லை. இரண்டாம் நாள் மணப்பெண் கன்னத்தில் பருவை எடுக்கப் படித்தாள். ஐந்தாம் நாள் மேகமூட்டமான வானத்தை நீலமாக்கினாள். ஒன்பதாம் நாள் என் படத்தை வைத்துப் பழகினாள்: சுருக்கத்தை எடுத்தாள், முடியை நட்டாள், பின்னால் ஒரு கடலைக் கொண்டுவந்து வைத்தாள். திரையில் இருபத்தொரு வயதில் நான் நின்றேன். இந்த முகத்தோடு பெண் பார்க்கப் போயிருந்தால் ஊரில் கலவரமே வந்திருக்கும் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "காது கொஞ்சம் பெருசா இருக்கு" என்று அதையும் சின்னதாக்கினாள்.

பதினான்காம் நாள் ஓட்டக்காரரின் படத்தைத் திறந்தாள். சூரியனும் வந்தது, ஓடுகிறவனும் வந்தான். இனிக் கலரைப் பிரிக்க வேண்டும். பின்பக்கத்துப் பட்டியலைப் புரட்டினாள்.

"அப்பா, இதுல கலரைத் தனித்தனியாப் பிரிக்கறது எங்க போட்டிருக்கு?"

ஆளுக்குப் பாதியாகப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு தேடினோம். முதல் நானூற்றைம்பது அவள், மற்றது நான். மதியம் தொடங்கியது, சாயங்காலம் முடிந்தது. கல்யாண ஆல்பம் செய்வது இருந்தது. குழந்தையைப் பூசணிக்காய்க்குள் உட்கார வைப்பது இருந்தது. சட்டைக்கு ஃபிலிம் எடுப்பது பற்றி ஒரு வரி இல்லை.

மகள் புத்தகத்தை மூடி, அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"அச்சப் பாத்து வாங்கிட்டேன்" என்றாள்.

"நல்ல அச்சுதாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் தெருவில் பழைய மாப்பிள்ளை எதிரே வந்தார். ஆள் இளைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, ஓட்டக்காரர் சொன்னாரு. அவ தனியாத் திணறிட்டு இருப்பா. படத்த மட்டும் அனுப்பச் சொல்லுங்க. எனக்கு அரை மணி வேலை."

கிண்டல் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

மகளிடம் சொன்னேன். "ம்" என்றாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். படத்தை அனுப்ப ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அதை அவள் முதல் வாரமே கற்றிருந்தாள். கை மவுஸ் மேல் இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு ஆற்றை நீந்திக் கடந்திருக்கலாம். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"வாங்கப்பா. கடைக்குப் போவோம்."

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் லென்ஸைத்தான் தேடினார். இந்தத் தடவை மகள் அதை வெளியே எடுக்கவில்லை.

"சட்டை பிரிண்டிங்குக்கு ஃபிலிம் எடுக்கணும். கலரப் பிரிக்கத் தெரியல" என்றாள்.

"அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமே" என்று அவர் உள்ளே போய், அந்தச் சுருள் நோட்டையே கொண்டுவந்து வைத்தார். "நீங்க குப்பை மாதிரித் தள்ளினீங்களே, அதேதான். பிரிண்டிங் பட்டறை வச்சிருந்த ஒரு அம்மா தன் ஆளுங்களுக்காக எழுதினது."

நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே வரி: எந்தக் கலரில் அச்சடித்தாலும் ஃபிலிமில் கறுப்பு மட்டும்தான். இரண்டாம் பக்கத்திலேயே எந்தப் பெட்டியைத் திறந்து எதை அழுத்தினால் கலர்கள் தனித்தனியாக விழும் என்று இருந்தது. பிறகு அந்தச் சிவப்புப் பூ வந்தது. அதற்குக் கீழே, அன்று லென்ஸும் கண்ணும் படாத இடத்தில், பொடி எழுத்தில் எழுதியிருந்தது: "துணி இழுபட்டால் இப்படித்தான் விலகும். இது விலகாமல் இருக்க அடுத்த பக்கம் பார்க்கவும்."

விலகிய பூ பிழை இல்லை, பாடம். அந்த அம்மா வேண்டுமென்றே விலக்கி அச்சடித்துக் காட்டியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் என் மகள் நோட்டைத் தள்ளினாள். ஒளித்துவைத்ததைக் கண்டுபிடித்துவிட்ட குழந்தை மாதிரி எனக்குக் குதிக்கத் தோன்றியது. கடைக்காரரும் சிரித்தார். மகள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

கறுப்புத் துணி கலரைக் குடித்துவிடும். ஆகவே எல்லாக் கலருக்கும் அடியில் முதலில் வெள்ளை போட வேண்டும். அந்த வெள்ளையை மேலே வரும் கலரைவிடத் துளி, பாயின்ட் என்ற மயிரிழைக் கணக்கில், உள்ளே சுருக்கி எடுத்தால், துணி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது. இவ்வளவுதான் விஷயம். பதினான்கு வருடம் அவர் இதைச் சுருக்கிக்கொடுத்திருக்கிறார். சுருக்கியிருக்கிறது என்பதே தெரியாமல் இவள் அச்சடித்திருக்கிறாள்.

ஐந்து நாள் மிச்சமிருந்தது. முதல் ஃபிலிமில் நான்கு மூலையிலும் போட வேண்டிய சேர்ப்புக் குறியை மறந்தாள். இரண்டாவதில் வெள்ளையைச் சுருக்குவதற்குப் பதில் விரித்துவிட்டாள். அச்சடித்துப் பார்த்தபோது நீலத்தைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்த்து, ஓடுகிறவன் வேட்டியோடு ஓடினான். மூன்றாவது தடவை வெள்ளை, ஆரஞ்சு, நீலம் என்று மூன்று ஃபிலிமையும் விளக்குப் பெட்டி மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். குறிகள் ஒரே குறியாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்க்ரீனில் வைத்து விளக்கு காட்டிக் கழுவினாள். மருந்து கரைந்து, படம் ஓட்டை ஓட்டையாகத் திறந்தது. ஒரு பழைய கறுப்புச் சட்டையை விரித்து வெள்ளையை இழுத்தாள், காயவைத்தாள், ஆரஞ்சை இழுத்தாள், நீலத்தை இழுத்தாள்.

லென்ஸை எடுத்துக் குனிந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வரலாற்றில் அது முதல் தடவை.

"சேந்திருக்கு" என்றாள். அடுத்த சட்டையை எடுத்தாள்.

கடைசி நாள் ஓட்டக்காரர் வந்து ஒரு சட்டையைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, காலை மாற்றிக்கொண்டார்.

"சார் கை தனியாத் தெரியுதே. பிரமாதம்னு சொல்லிடுங்க அவருகிட்ட."

"ஃபிலிம் நான் எடுத்தது" என்றாள் மகள்.

"அப்படியா. நல்லது" என்றார் அவர். அவருக்கு அது ஒரு பெரிய செய்தியாகப் படவில்லை. "அடுத்த மாசம் தொப்பி வேணும். நாலு கலர்."

"பண்ணலாம்."

மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் போனார். நான் பட்டறை நடுவில் நின்று, உலகத்தில் இதுவரை எவரும் இருபது நாளில் இப்படிக் கற்றதில்லை, சூரியனுக்கே இந்தச் சூரியனைப் பார்த்தால் கண் கூசும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன்.

"சந்தோஷமா இருக்கணும் இல்லப்பா?" என்று இடையில் கேட்டாள். "ஒண்ணும் தோணல."

சொற்பொழிவை அதோடு முடித்துக்கொண்டேன்.

அப்போது என் போன் அடித்தது. பழைய மாப்பிள்ளை. "மாமா, இன்னிக்குத்தானே குடுக்கணும்? இன்னும் படம் வரலையே." மகள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"குடுத்தாச்சு."

போன் பெரிய சத்தக்காரப் போன். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"யாரு எடுத்தா?"

"நான்."

"அடி வெள்ளை?"

"சுருக்கினேன். அரைப் பாயின்ட்."

"கறுப்புத் துணிக்கு ஒரு பாயின்ட் வச்சிருக்கலாம்."

"துணி நகரும்னு நீ போட்ட கணக்கு அது. நான் துணியப் பலகைல ஒட்டிப் போட்டு இழுக்கறேன். அரை போதும்."

"போதும்தான்" என்றார் அவர். வைத்துவிட்டார்.

"எப்படிப் பேசினாரு?" என்று கேட்டேன், கேட்டது எல்லாம் கேட்காதது மாதிரி.

"ஃபிலிமப் பத்தித்தான்" என்றாள். போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஸ்க்ரீனைக் கழுவத் தண்ணீரைத் திறந்தாள்.