என் தாயின் மூன்றாவது மலை

அன்று சுலைமான் மலையில் இருந்தவர்கள் இவர்கள்தான். என் தாய் ஸலோமத். நான், நிஸோமிதீன், அப்போது முப்பத்தொரு வயது, பட்டு ஆலையில் பொறியாளர். எதிர்வீட்டு ஓய்னிசா. நாத்திகப் பிரசங்கம் செய்ய அரசாங்கம் நியமித்திருந்த ரவீல் கரீமோவிச். பேருந்து ஓட்டுநர் துர்சுன். அவர் அடிவாரத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டதால் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. இவர்களைத் தவிர முப்பத்தாறு பெண்கள். அவர்களுடைய பெயர்களும் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவரவர் குடும்பத்துக்கும் மானம் உண்டு.

ஓஷ் நகரத்துத் தேநீர்க் கடைகளில் விசாரித்தால், அன்று மலையில் இருந்ததாகச் சொல்பவர்கள் நானூறு பேராவது தேறுவார்கள். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் ஒன்று என் தாயைப் பொய்க்காரி ஆக்குகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மக்காவுக்குப் போக வழியில்லாதவர் மூன்று முறை இந்த மலை ஏறி உச்சியில் தொழுதால் அது ஹஜ்ஜாகும் என்பது எங்கள் ஊர் வழக்கம். மார்க்கம் படித்தவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்குப் பேசுவது எளிது. அந்தக் காலத்தில் சோவியத் நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு இருபது பேர் மக்கா போனால் அதிகம். அந்த இருபது பேரில் ஓஷ் நகரத்து ஸலோமத் என்று ஒருத்தி இருக்கப் போவதில்லை.

என் தாய் முதல்முறை ஏறியது மணமான ஆண்டில், என் தந்தையோடு. இரண்டாம் முறை போர் முடிந்த ஆண்டில், தந்தை இல்லாமல், என்னைக் கையில் பிடித்துக்கொண்டு. மூன்றாவதுக்கு அவசரமில்லை என்று நினைத்தாள். அதற்குள் உச்சியிலிருந்த சின்னத் தொழுகை வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். எந்நாளும் அடிவாரத்தில் போலீசார் நின்றார்கள். ஏறப் போனவரின் பெயரை எழுதுவார்கள். அடுத்த வாரம் அவருடைய மகனின் அலுவலகத்துக்குக் கடிதம் போகும். என் மேசைக்கு அப்படி ஒரு கடிதமும் வந்ததில்லை. என் தாய் இருபத்திரண்டு ஆண்டுகளாக மலையைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அறுபத்தேழாம் ஆண்டு வசந்தத்தில் மருத்துவர் அவள் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு மாடிப்படி ஏறுவதே கடினம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறை ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். மூன்றாவது மலை போயிற்று என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து ஓய்னிசா செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடி வந்தாள். என் தாயை அவள் அபா, அதாவது அக்கா, என்றுதான் அழைப்பாள்.

"அபா, வியாழக்கிழமை மலைக்கு பஸ் விடுறாங்க! காசு கிடையாது! உச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போறாங்களாம், போலீஸ்காரனே ஒதுங்கி நின்னு வழி விடுறானாம்!"

"யாரு கூட்டிட்டுப் போறா?" என்றாள் என் தாய்.

"ரவீல் கரீமோவிச். கடவுள் இல்லேன்னு சொல்றவரு. மூடநம்பிக்கை எங்கெங்க நடந்துச்சுன்னு ஒவ்வொரு எடமா காட்டி விளக்குறாராம். மாசம் நாப்பது தலை சேக்கணும்னு அவருக்கு உத்தரவு. போன மாசம் ஒம்பதுதான் வந்துச்சாம். பாவம், மனுசன் வீடு வீடா அலையறாரு."

என் தாய் தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். "அவரு விளக்கிட்டே வரட்டும். எனக்குத்தான் காது மந்தமாச்சே."

"உங்களுக்கா? நேத்து எங்க வீட்டுக்குள்ள நான் முணுமுணுத்ததுக்கு இங்கேருந்து பதில் சொன்னீங்களே!"

"வியாழக்கிழமை மந்தமாகும்."

நான் எழுந்து நின்றேன். என் தாயின் தந்தை நாற்பது ஆண்டுகள் இமாமாக இருந்தவர். அவருடைய மகள் நாத்திகர் பேருந்தில் போவதா?

"ஊர் என்னம்மா சொல்லும்?"

"ஊர்ல பாதிப் பேர் அந்த பஸ்லதான் இருப்பாங்க, நிஸோம். மீதிப் பாதி எடம் கெடைக்கலேன்னு என்னைத் திட்டும்."

அவளைத் தனியே அனுப்பக் கூடாது என்பதற்காக மட்டுமே நானும் போனேன்.

பேருந்தின் வாசலில் ரவீல் கரீமோவிச் ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றார். கசான் நகரிலிருந்து வந்த தாத்தார் இனத்தவர், மெலிந்த மனிதர், ஒரு பக்கம் தேய்ந்த காலணி. ஏறும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். இந்த மலையை வணங்குவது அறியாமை என்று ஒப்புக்கொண்டு வருகிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. பல பெண்கள் படிக்காமலே கோடு கிழித்தார்கள். நான் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். எனக்குக் காப்பாற்ற வேண்டிய வேலை இருந்தது.

என் தாய் தாளை வாங்கி என்னிடம் கொடுத்து, நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "நான் பொய்யில கையெழுத்துப் போடறதில்ல" என்றாள். காது மந்தமானவள் பேசுவதுபோல் சத்தமாகவே சொன்னாள்.

பத்தடி தூரத்தில் போலீஸ்காரர் நின்றார். ரவீல் கரீமோவிச் அவரை ஒருமுறை பார்த்தார், என் தாயை ஒருமுறை பார்த்தார்.

"கையெழுத்து இல்லாம ஏத்த முடியாது அபா. அடியில கொஞ்சம் எடம் இருக்கு. நீங்க எதுக்கு வர்றீங்கன்னு உங்க எழுத்துலயே எழுதிடுங்க."

அவள் எழுதினாள். தன் தந்தையிடம் கற்ற பழைய அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, இரண்டு வரி. எங்கள் தலைமுறைக்கு அந்த எழுத்தைக் கற்றுத் தரவில்லை. அலுவலகங்களில் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லை. எனக்கு மூச்சு சீரானது. அப்போதுதான் கவனித்தேன்: தாளை வாங்கிய ரவீல் கரீமோவிச்சின் கண்கள் வலமிருந்து இடமாக நகர்ந்தன. இரண்டு வரியும்.

"எழுத்து ரொம்ப சுத்தம்" என்றார். தாளைக் கட்டின் நடுவில் செருகினார். "ஏறுங்க அபா. பாத்து, படி உயரம்."

அவள் எழுதியதை அன்றிரவு சாப்பாட்டின்போது எனக்குச் சொன்னாள்: "மூன்றாம் முறையாக இறைவனைத் தொழ வருகிறேன். என் காலாலேயே வருகிறேன். ஸலோமத்."

மலையில் அவர் தம் வேலையைக் குறையில்லாமல் செய்தார். நீர் சொட்டும் குகை வந்ததும், "இந்தத் தண்ணியக் கண்ணுல வச்சா பார்வை தெளியும்னு அறியாத ஜனங்க நம்பினாங்க" என்றார்.

"எப்படி வைப்பாங்க தோழரே, இப்படியா?" என்று ஓய்னிசா விரலை நனைத்துக் கண்ணில் வைத்தாள்.

"அப்படித்தான். ரெண்டு கண்ணுலயும்."

முப்பத்தாறு பேரும் செய்து பார்த்தார்கள். அறியாமையை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

அடுத்தது சறுக்குப்பாறை. எத்தனையோ தலைமுறைகள் இடுப்புவலிக்கும் பிள்ளைவரத்துக்கும் சறுக்கிச் சறுக்கிக் கண்ணாடிபோல் வழவழப்பான பாறை.

"ஏழு தடவை சறுக்குவாங்க" என்றார் ரவீல் கரீமோவிச்.

"ஆறு போதாதா?"

"போதாதுன்னு நம்பினாங்க. நான் விமரிசனம் பண்றேன், நீங்க எண்ணிக்கையில கோட்டை விட்டுடாதீங்க."

ஓய்னிசா அங்கேயே தங்கிவிட்டாள். அவள் இடுப்பு அத்தனை சறுக்குதல்களையும் கேட்கும் இடுப்பு. பாதிப் பெண்கள் அவளோடு நின்றார்கள். மற்றவர்கள் மேலே நடந்தோம்.

உச்சிக்கு எண்பது தொண்ணூறு படிகள் இருக்கும்போது என் தாயின் முழங்கால் பூட்டிக்கொண்டது. ஒரு கல்லில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. வெயில் வேறு. பஞ்சு வைத்துத் தைத்த நீல மேலங்கியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள்.

நான் குனிந்தேன். "ஏறிக்கம்மா."

"தள்ளு."

ரவீல் கரீமோவிச் திரும்பி வந்தார். அவரும் முதுகைக் காட்டிக் குந்தினார். "என் முதுகுல வாங்க அபா. மத்தவங்க முன்னால போயிட்டாங்க, யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் என்ன எழுதிக் குடுத்தேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் என் தாய். "உங்க காலால நான் போனா, ஹஜ்ஜு உங்க கணக்குல சேந்துடும். உங்களுக்கு அது தேவையா?"

அவர் சட்டென்று எழுந்துகொண்டார். "வேண்டாம் அபா. எனக்கு வேலை போயிடும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், அவள் கால் அப்படி நடுங்காமல் இருந்திருந்தால். பிறகு அவள் படிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். கைகளைப் பின்னால் ஊன்றி, நல்ல காலைத் தரையில் அழுத்தி, ஒரு படி மேலே உட்கார்ந்தாள். அடுத்த படி. அதற்கடுத்த படி. இமாமின் மகள் இப்படி, ஊரைப் பார்த்தபடி, பின்பக்கமாக. நான் பக்கத்திலேயே போனேன், தொடவில்லை; தொட்டால் திட்டு விழுந்தது. ஒவ்வொரு பத்தாவது படியிலும் ரவீல் கரீமோவிச் நின்று, யாரும் கேட்காத ஏதோ ஒரு பாறை வகையைப் பற்றி நீளமாக விளக்கினார். அவள் மூச்சு வாங்கி முடித்ததும் விளக்கமும் முடியும். கடைசி ஐந்து படிகளில் முழங்காலின் பூட்டு விட்டது. எழுந்து, நிமிர்ந்து, நடந்தே ஏறினாள்.

உச்சியில் வெறும் தரை. ரவீல் கரீமோவிச் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்க இருந்த கட்டடத்துல ஜனங்க மக்கா இருக்கற தென்மேற்கப் பாத்து வரிசையா நிப்பாங்க. அது அறியாமை. நாம அந்தப் பக்கம் பாக்கறது புதுசா கட்டற ரொட்டி ஆலைக்காக. இருபது நிமிஷம் நல்லாப் பாருங்க. நான் அந்தப் பக்கம் போய் சிகரெட் புடிக்கிறேன்."

ரொட்டி ஆலையை அன்றுபோல் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள், நெற்றியைத் தரையில் வைத்தும் பார்த்தார்கள். என் தாயால் மண்டியிட முடியவில்லை. கல்லில் உட்கார்ந்தபடியே தொழுதாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரத்துக்குப் பிறகு நானும் ஆலையைப் பார்த்தேன்.

இறங்கும்போது நானும் ரவீல் கரீமோவிச்சும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தோம். இறங்குவதற்கு அவள் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த மாதம் நாற்பது தலைக்கு ஒன்றுதான் குறைவு. அடுத்த மாதம் இரண்டு பேருந்து விட்டார்கள். கோடையில் ரவீல் கரீமோவிச்சுக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அவர் உள்ளூர இறைநம்பிக்கை உள்ளவரா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் அவரைக் கேட்டதில்லை. ஒருவரிடம் கேட்கும் கேள்வி அல்ல அது. எங்கள் தெருக்காரர்கள் என் தாயை ஹாஜி அபா என்று கூப்பிடத் தொடங்கினார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. காலம் மாறியபின் சத்தமாகவே கூப்பிட்டார்கள். அதற்குள் அவளுக்கு உண்மையிலேயே காது மந்தமாகிவிட்டது.

இனி அந்த வதந்தி. என் தாயை நாத்திகர் ரவீல் கரீமோவிச் முதுகில் சுமந்து உச்சிக்குக் கொண்டுபோனார் என்றும், ஆகவே அவளுடைய மூன்றாவது மலை செல்லாது என்றும் தேநீர்க் கடைகளில் சொல்கிறார்கள். இதைத் தொடங்கியவள் ஓய்னிசா. அவள் அப்போது கீழே பாறையில் ஐந்தாம் தடவை சறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தபோது அவர் முதுகில் என் தாயின் நீல மேலங்கி தெரிந்திருக்கிறது. மேலங்கி உண்மை. அவள் படியேறத் தொடங்கியபோது அவர்தான் அதை மூட்டையாகக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டார். அதற்குள் இருந்தவை மூன்று ரொட்டிகளும் ஒரு தேநீர்ப் பானையும்.