நோட்டில் இல்லாத நேரம்

சித்தி புவனேஸ்வரி மூன்றாவது நாளாக ஸ்பூனில் பால் விட்டாள். அது உமாபதியின் கடைவாயில் வழிந்தது. காவேரி அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு நோட்டில் எழுதினாள்: மதியம் 2.10, மூச்சு பதினாலு.

"எது மேலயோ ஆச வெச்சிக்கினு உயிரு நிக்குது. அவுரு வேல பாத்த கட வாசல் மண்ணக்கூட கரைச்சு நாக்குல வெச்சாச்சு" என்றாள் சித்தி. "எழுந்து போயி ரெண்டு வாய் துன்னுடி. மூஞ்சப் பாரு, உங்கப்பாவே தேவல."

"நான் போவல சித்தி."

அம்மா இறந்தபோது காவேரி சென்னையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். செவிலிமேடு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பந்தல் போட்டுவிட்டார்கள். இந்த முறை அந்த நிமிஷத்தில் பக்கத்தில் இருந்துவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

உமாபதியின் வலது கை போர்வை ஓரத்தை மடித்தது, பிரித்தது. பட்டுக்கடையில் முப்பது வருஷம் புடவை விரித்துக் காட்டிய கை.

போன் அதிர்ந்தது. ஆபீஸிலிருந்து விமல்ராஜ்.

"அக்கா, இந்த நேரத்துல சாரி. நம்ம சாப்ட்வேர்ல மெமரி ஏறிக்கினே இருந்துச்சே, ஏன்னு கண்டுபுடிச்சிட்டேன். வேல முடிஞ்ச ஆப்ஜெக்ட் எல்லாத்தையும் சிஸ்டமே மெமரியிலருந்து எடுத்துடணும்ல? எடுக்கல. எது எப்ப போவுதுன்னு பாக்க நீங்க ஒரு லிஸ்ட் போட்டீங்களே..."

"ஆமா."

"அந்த லிஸ்ட்டுதான் எதையும் போவ விடாம புடிச்சிக்கினு இருக்குது. யாராச்சும் ஒருத்தர் புடிச்சிருந்தாக்கூட சிஸ்டம் தொடாதுல்ல." சிரித்தான். சட்டென்று குரல் இறங்கியது. "அப்பா எப்டிக்கா இருக்காரு?"

"இருக்காரு."

போனை வைத்த பிறகு காவேரி நோட்டைப் புரட்டினாள். மூன்று நாளில் பதினோரு பக்கம். அவளுடைய இடது கை அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது. பிடித்த இடம் அழுந்திச் சிவந்திருந்தது.

"சித்தி, சோறு இருக்குதா?"

"ரசம் சுட வெக்கட்டா?"

"மோரு போதும்."

2.50 என்று எழுதி நோட்டை மூடி ஜன்னலில் வைத்தாள். கையை எடுத்தாள்.

"சாப்ட்டு வரேம்பா."

சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டாள். சித்தி ஊறுகாய் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று. காவேரி தட்டைக் கழுவினாள். சுத்தமான பிறகும் கழுவினாள்.

திரும்பி வந்தபோது அப்பாவின் விரல்கள் நின்றிருந்தன.

சித்தி அழுது ஓய்ந்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஐயரு நேரம் கேப்பாரு. எத்தினி மணிக்குடி? நீதான எழுதிக்கினு இருந்த?"

நோட்டில் 2.50-க்குக் கீழே ஒன்றுமில்லை.

"தெரியல சித்தி."

போர்வை ஓரம், அலமாரியில் திரும்ப வைக்கப்போகும் புடவை மாதிரி, நாலாக மடிந்திருந்தது.